முதல் சவாரிக்கு ராயம்மாள்

மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் திருவிழாவுக்குப் போகிற மோட்டார்க்காரர்கள் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவார்கள். எங்கள் தெரு மதலைமுத்து வேதக்காரன், சிலுவை கும்பிடுகிறவன், அதெல்லாம் செய்யமாட்டான். அவன் பழத்துக்குப் பதிலாகப் பெண்டாட்டியை வைப்பான்.

எனக்கு நாக்கில் விஷம் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மண்சுவர். அதில் ஓர் ஓட்டை. அதைப் போட்டது மழை, நானில்லை.

மதலைமுத்து திண்டிவனத்து வக்கீல் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கி, செஞ்சியில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். யுத்தம் வந்ததும் சீமைச் சாமான் வருவது நின்றுபோயிற்று. வண்டியில் எது தேய்ந்தாலும் உடைந்தாலும் பட்டணத்துச் சந்துக்கடை ஒன்றுதான் கதி. அந்தக் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் "அசல் மாதிரியே" என்பாராம். அந்த 'மாதிரி'யிலேதான் அவர் மாடி வீடு கட்டினார்.

என்ஜின் விசிறியைச் சுற்றுகிற பட்டை அனந்தபுரம் வரைக்கும் தாக்குப்பிடித்தது, திரும்பி வருவதற்குள் அறுந்தது. தண்ணீர்க் குழாய் வெயிலில் வெல்லப்பாகாக இளகியது. பிரேக்குக்கு வைத்த கட்டை புகைந்து, ஏறியிருந்த கடலை வியாபாரிகள் நான்கு பேரும் ஓடுகிற வண்டியிலிருந்து வயலில் குதித்தார்கள். அதற்குப் பிறகு, வண்டியில் புதுச் சாமான் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டாலே ஜனங்கள் மாட்டுவண்டிக்குப் பேரம் பேசப் போய்விடுவார்கள்.

அப்போதுதான் மதலைமுத்துவுக்கு அந்த யோசனை வந்தது. எந்தச் சாமான் மாட்டினாலும் முதல் சவாரி பெண்டாட்டி ராயம்மாளுக்குத்தான். தலை வாரி, பூ வைத்து, முன் ஆசனத்தில் உட்காரவேண்டும். கடைத்தெரு முழுக்கச் சுற்றி, சிங்கவரம் வரைக்கும் போய்த் திரும்பவேண்டும். சொந்தப் பெண்டாட்டியையே ஏற்றுகிறானே என்று ஜனங்கள் நம்பினார்கள். அவள் இறங்குகிற சூட்டோடு அவர்கள் ஏறினார்கள்.

"மகாராணி மாதிரி போறியேடி" என்று ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"போறது மகாராணிதாங்கா. வரும்போது பாதி நாள் நடந்துதான வர்றேன்" என்றாள். சிரித்தாள். ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சிலுவை போட்டுக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன்.

யுத்தத்தின் நாலாவது வருஷம், மாசி மாதம். ஸ்டீரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கிற இரும்புக் கையில் விரிசல் கண்டது. அமாவாசைக்கு ஐந்தே நாள். வருஷத்தில் ஒரு நாள் கொட்டுகிற கூட்டம் அது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது: ஒரு வாரம் வண்டி ஓடவில்லையென்றால் பெட்ரோல் கூப்பனை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வெட்டினதுதான். அதற்கப்புறம் அந்தக் கார் கோழி அடைகிற கூண்டு.

மதலைமுத்து பட்டணம் போய் மூன்றாம் நாள் திரும்பினான். செய்தித்தாளில் சுற்றிய இரும்புக் கையைப் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் ஜகபர் அலியிடம் கொடுத்தான். கறுப்புச் சாயம் பளபளத்தது. நடுவில் இங்கிலீஷ் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் உப்பு வாங்கப் போயிருந்தேன். உப்புக்கடை அந்தப் பக்கம் இல்லையே என்று யாரும் கேட்கவேண்டாம்.

ஜகபர் அலி விரிசல் விட்ட பழைய கையைச் சுத்தியால் தட்டினார். நல்ல பக்கத்தில் ஓசை கொஞ்சம் எழும்பி நின்றது. புதியதைத் தட்டினார். டொக்கென்று செத்துப்போயிற்று.

"கேட்டியா மதலை? விரிசல் விட்டும் பழசு பேசுது. புதுசு இருமுது. இது வார்ப்பு. ஊத்தி எடுத்தது. வாணாம்."

"எழுத்து போட்டிருக்குது பாய். அசல்லதான் எழுத்து இருக்கும்."

"எழுத்து போட்டா இரும்பு எஃகாயிடுமா? இதப்பாரு, பிரேக்கு போச்சுன்னா எதுலயாவது முட்டி நின்னுக்கலாம். இது போச்சுன்னா சக்கரம் உன் பேச்சைக் கேக்காது. பழசை விழுப்புரம் அனுப்பி ஒட்டவெச்சித் தரேன். பத்து நாள் பொறு."

"பத்து நாள் கழிச்சி எவன் மலையனூர் போவான்? நீ போவியா?"

"நான் போமாட்டேன். நீ இதை மாட்டினா உன் பொண்டாட்டியும் போவக்கூடாது" என்றார் ஜகபர் அலி.

மதலைமுத்துவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "எழுத்தைப் படிக்கிறவங்க சொல்லட்டும்" என்று இரும்பைத் தூக்கிக்கொண்டு நேரே மாதா கோயிலுக்கு நடந்தான்.

கோயில் உபதேசியார் பாக்கியசாமி பூசை நேரத்தில் பங்குச் சாமியாருக்கு லத்தீனில் பதில் சொல்லுகிறவர். லத்தீன் தெரிந்தவருக்கு இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும் என்பது எங்கள் ஜனங்களின் எண்ணம். தந்தி வந்தாலும் மருந்து பாட்டில் வாங்கினாலும் அவரிடம்தான் ஓடுவோம். அவரும் வாங்கிப் பார்த்து, தொண்டையைச் செருமி, "பயப்படும்படியா ஒண்ணுமில்ல" என்பார். அதோடு கலைந்துபோவோம். தந்தி வந்தவர்கள் வீட்டில் மறுநாள் ஒப்பாரி கேட்டால் அது தேவசித்தம்.

இரும்புக் கையை அவர் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துகள் மேல் விரலை ஓட்டினார். தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக்கினார். கண்ணாடியில் பார்ப்பதுபோல அந்த எழுத்துகள் இடவலம் மாறி வார்க்கப்பட்டிருந்தன என்பது போலீஸ்காரர் வந்து சொன்னபிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் பார்த்தது உபதேசியாரின் நெற்றி வேர்ப்பதைத்தான்.

"இன்னா எழுதியிருக்குது ஐயா?"

"அசல்னுதான் போட்டிருக்குது" என்றார்.

மதலைமுத்து இரும்பைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோனான். "படிச்சவரே சொல்லிட்டாரு, நான் இன்னாத்த சொல்றது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜகபர் அலி மாட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை ராயம்மாள் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பாயின் பேச்சு அவள் காதுக்கு எட்டியிருந்தது. எட்டும்படி செய்தது யாரென்று கேட்கிறீர்களா? நான்தான்.

"அக்கா, நீயும் வாயேன். ஆளுக்கு ஆள் துணையா இருக்கும்" என்றாள்.

"முட்டி வலிடி. ஏறி எறங்க முடியாது" என்றேன்.

அவள் என் முட்டியைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறினாள்.

உபதேசியார் அந்த வழியே வந்தார். "சொன்ன வாய்க்கு மரியாதை செய்யணும்ல, ஏறுங்க ஐயா, சிங்கவரம் போய் வந்துடலாம்" என்று மதலைமுத்து கதவைத் திறந்துவிட்டான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. உபதேசியார் பின்னால் ஏறினார். வண்டி புறப்பட்டது. நான் கூடவே வேகமாக நடந்தேன். தெருமுனை வருவதற்குள் அவர் மதலைமுத்துவின் தோளைத் தட்டினார்.

"நிறுத்துப்பா, நிறுத்து. பிள்ளைங்க ஞானப்பாடத்துக்கு வந்து காத்திருக்கும். மறந்தே போயிட்டேன்."

அன்று வியாழக்கிழமை. ஞானப்பாடம் சனிக்கிழமையில்தான். அது எனக்குத் தெரியும், ராயம்மாளுக்கும் தெரியும். உபதேசியார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார், யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

ராயம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "உபதேசியார் எறங்கிட்டாரு. நானும் எறங்கிக்கட்டா?"

விளையாட்டுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். கை மட்டும் கதவுப் பிடியில் இருந்தது. மதலைமுத்து தெருவில் நின்ற ஜனங்களைப் பார்த்தான். "நீ எறங்கினா எவன்டி ஏறுவான்? கம்முனு உக்காரு" என்றான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சிங்கவரம் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. வளைவை ஒட்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை. கொல்லையில், பாதையிலிருந்து பத்தடி தள்ளி, கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு. அங்கே மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிக்கொண்டிருந்த முருகையன் நேரில் பார்த்தவன். மதலைமுத்து ஸ்டீரிங்கை முழுக்கச் சுற்றினானாம். சக்கரங்கள் தம் பாட்டுக்கு நேரே வந்தனவாம். மதலைமுத்து எப்படியோ வெளியே விழுந்து கை முறிந்தான். ராயம்மாள் பக்கத்துக் கதவு திறக்கவில்லை; வண்டி அவளோடு கிணற்றுக்குள் போயிற்று.

சேதி கேட்டதும் நான் ஓடினேன். முட்டிவலி எங்கே போயிற்று என்று பிற்பாடு பலர் கேட்டார்கள்.

அந்தக் கவலை மாடுகளைப் பூட்டி, வடம் கட்டி இழுத்தார்கள். ஒரு தடவை வடம் அறுந்தது. ராயம்மாளை வெளியே கொண்டுவரும்போது மத்தியானமாகிவிட்டது. தலையில் பூ இருந்தது. ஜகபர் அலி அந்த இரும்புக் கையைத் தேடி எடுத்தார். உடைந்த இடம் வெல்லக்கட்டியை உடைத்தாற்போல் பொரபொரவென்றிருந்தது. "நான்தான மாட்டினேன்" என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனபிறகு அடக்கம். சாமியார் வேறு ஊருக்குப் பூசைக்குப் போயிருந்ததால் உபதேசியார்தான் செபம் சொல்லவேண்டும். புத்தகத்தைத் திறந்தார். குழியோரம் நின்ற மதலைமுத்துவைப் பார்த்தார்.

"மதலை... எனக்கு இங்கிலீஷ் தெரியாதுப்பா. தெரியாமலேதான் சொன்னேன்."

எல்லோரும் கேட்கத்தான் சொன்னார். ஒரு பாவசங்கீர்த்தனம் அப்படிப் பகிரங்கமாக நடந்ததை நான் கண்டதில்லை. மதலைமுத்து அவர்மேல் பாய்வான் என்று நான்கு ஆண்கள் முன்னால் நகர்ந்தார்கள்.

அவன் பாயவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெரியும் ஐயா. எங்க நைனாவுக்கு வந்த தந்தியை நீங்க படிச்ச அன்னைக்கே தெரியும். பாய் வாணாம்னாரு. யாராவது ஒருத்தர் அசல்னு சொன்னா அவ ஏறுவா. அதுக்குத்தான் உங்ககிட்ட எடுத்துனு வந்தேன்."

உபதேசியார் கையிலிருந்த புத்தகம் மூடிக்கொண்டது. பெண்கள் நாங்களாகவே செபமாலையைத் தொடங்கினோம். மதலைமுத்து இடது கையால் ஒரு பிடி மண் அள்ளினான். போடாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆள் போடவேண்டும், நகரு என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பேசுகிற நானும் அன்று வாயைத் திறக்கவில்லை.