சத்தம் போடாத வீடு

எங்கள் வீட்டில் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். நம்பாதவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு. என் வீட்டுக்காரருக்கு ரொட்டி ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். பகலெல்லாம் அவர் தூங்கவேண்டும், இருப்பதோ ஒரே அறை. ஒருமுறை தூக்கம் கெட்டுப்போய் வேலைக்குப் போனவர், ரொட்டி அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் கீழே வைப்பேன்.

மகளும் அந்த அறையில்தானே வளர்ந்தாள்? நுனிக்காலில் நடப்பாள், உதட்டை அசைத்தே பேசுவாள். எனக்கு எல்லாம் புரியும். அக்கம்பக்கத்தில் பூனைக்குட்டி என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகுதான் வினை வந்தது. பிள்ளை வாயே திறப்பதில்லை, பேச்சு வராத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மாற்றிவிடுங்கள் என்று தலைமை ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை நன்றாகவே பேசுகிறது, குனிந்து கேட்க உங்களுக்குத்தான் நேரமில்லை என்று கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் காதருகே கையை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. ஒண்ணுமே கேக்கல."

சப்பென்று ஆகிவிட்டது. நாளைக்கு அப்பாவையும் அழைத்து வாருங்கள், முடிவு செய்துவிடலாம் என்று அனுப்பிவிட்டார். வீடு வந்து சேரும்வரை மகளின் கையை நான் விடவே இல்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து, சட்டையில் மாவோடு நேராகப் பள்ளிக்கு வந்தார். தலைமை ஆசிரியையின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், தலை சுவரில் சாய்ந்துவிட்டது. பாவம், மனுஷனை எழுப்ப மனசு வரவில்லை. மகள் பக்கத்தில் காவலுக்கு நின்றாள்.

தலைமை ஆசிரியை வெளியே வந்து, அலமாரிச் சாவி எங்கே என்று எதிர் அறையில் இருந்தவரிடம் உரக்கக் கேட்டார். மகள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. கிட்டப் போய் முணுமுணுத்தாள். அதுவும் அவர் காதில் ஏறவில்லை. இரண்டாம் தடவை இன்னும் பலமாகச் சாவியைக் கேட்டார்.

"சத்தம் போடாதீங்க டீச்சர்! எங்கப்பா தூங்குறாரு!"

வராந்தா முழுக்கக் கேட்டது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப்பார்த்தார்கள். தலைமை ஆசிரியை திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இவள் எங்கேயும் போகவேண்டாம், இங்கேயே படிக்கட்டும் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு விழித்துக் கண்ணைக் கசக்கினார். வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"யாரு வீட்டுப் புள்ள இப்படிக் கத்துது?"