தலைகீழ் கிளாப்

என் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இருபத்திரண்டு வருடமாக டப்பிங் பேசுகிறேன். கதாநாயகி காதலித்தால் நான் கொஞ்சுவேன், அவள் மாடிப்படியில் உருண்டால் நான் 'ஆ' என்பேன், அவள் பிள்ளை பெற்றால் நான்தான் முக்கி முனகுவேன். மாலையும் மரியாதையும் அவளுக்கு, தொண்டைக்கட்டு எனக்கு. குறை சொல்லவில்லை, சோறு போட்ட தொழில். ஆனால் ஒரே ஒரு சீனிலாவது என் முகம் நடிக்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் சாகவே இல்லை.

அந்த ஆசையோடு இருபது வயதில் ஒரு இடத்துக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பேசிக் காட்டினேன். முடித்ததும், மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நல்லாருக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பாம்புக் காது, என்ன செய்ய! அந்த வாக்கியத்தை என் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன், கல்யாணமான முதல் வருடம். என் வீட்டுக்காரரிடம்.

இவர் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். படப்பிடிப்பில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாரே ஒருவர், அவர்தான். பெரியவரின் படங்களுக்கு ஒன்பது வருடமாக இவர்தான் சவுண்ட். பெரியவர் என்பது அந்த இயக்குநருக்கு ஊர் வைத்த பெயர். அவர் படத்தில் ஒரு நிமிஷம் வந்து போனவர்கள்கூட அதை வைத்தே ஆயுசு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பிப் பேசிக் காட்டச் சொன்னார், வேஷமும் கொடுத்தார். சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் பெண். வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். மேனேஜர் அறைக்குப் போய்க் கெஞ்சுகிறாள். ஒரே சீன்தான், ஆனால் முழுக்க முழுக்க அவள் சீன்.

"நிஜமாவா? என்னையா?" என்று இவரிடம் பத்துத் தடவை கேட்டிருப்பேன்.

"உன்னையேதான். எத்தனை தடவை சொல்றது?" என்று சிரித்தார்.

படப்பிடிப்பு நாள் வந்தது. மைக் முன்னால் எனக்குப் பயம் என்பதே கிடையாது. டப்பிங் அறை இருட்டு, அங்கே யாரும் என் மூஞ்சியைப் பார்ப்பதில்லை. இங்கே நாற்பது பேர் பார்க்கிறார்கள். பழைய கிடங்கு ஒன்றின் அலுவலகத்தை மேனேஜர் அறை ஆக்கியிருந்தார்கள். பச்சை இரும்பு அலமாரி, ஒரு கால் ஆடும் மேஜை, காகிதக் கட்டுகள். நான் அதற்குள் நாலு முறை கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டேன். வசனம் தலைகீழ்ப் பாடம், ஆனால் முதல் வார்த்தை மட்டும் வாய்க்கு வர மறுத்தது.

"அக்கா, மூணாவது தடவை பவுடர் போடறேன். நீங்க வேர்க்கறத நிறுத்தினா எனக்கும் வேலை மிச்சம்," என்றாள் மேக்கப் போடும் பெண்.

இவர் வந்து, என் சீருடைக் காலருக்கு உள்பக்கம் குட்டி மைக்கைப் பொருத்தினார். "ரிகர்சல்தான். லெவல் பாக்கறதுக்காக மாட்டறேன். பயப்படாதே," என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அதை நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மற்ற படப்பிடிப்புகளில் டேக் ஆரம்பிக்கும்போது கிளாப் பலகையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நடிகர்கள் விறைத்துப்போகிறார்கள் என்று பெரியவர் அதைக் கடைசிக்கு மாற்றிவிட்டார். நடித்து முடித்த பிறகு, பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள். அதனால் கிளாப் அடித்தால் டேக், அடிக்காவிட்டால் ஒத்திகை என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மேனேஜராக நடிப்பவர் இன்னும் வரவில்லை என்றார்கள். பெரியவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன் வசனத்தை நான் குடுக்கறேன். சும்மா பேசிப் பாருங்கம்மா." கேமராமேன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கேமரா தன் பாட்டுக்கு நின்றது. வெளியே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒத்திகைக்கெல்லாம் யார் தெருவை நிறுத்துவார்கள்?

நான் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். "ஐயா, பதினோரு வருஷமா இங்கதான் வேலை பாக்கறேன்" என்று ஆரம்பித்தேன். இரண்டு வரி ஒழுங்காக வந்தது. பெரியவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வசனத்தில் இல்லாததைச் சொன்னார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நல்லாத்தான் இருக்கு."

எனக்குக் காது அடைத்துவிட்டது. விரல்கள் தாமாகவே மோதிரத்தைச் சுற்ற ஆரம்பித்தன. "ஐயா... ஐயா..." என்று வாய் எதையோ சொன்னது. மிச்ச வசனம் துண்டு துண்டாக வந்தது. இத்தனை வருடம் ஒருநாளும் என்னைக் கைவிடாத குரல், பழைய துணி மாதிரிக் கிழிந்தது. வெளியே ஓடிப்போய்க் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். எங்கோ ஒருவன் என்றைக்கோ சொன்னதையே இவ்வளவு பெரிய மனிதரும் சொல்கிறார் என்றால், அது உண்மைதானே என்று அழுதேன்.

இவர்தான் வந்து கதவைத் தட்டினார். "ஏதோ வசனம் தோணிச்சாம், சொல்லிப் பாத்தாராம். உன்னைச் சொல்லலை, அந்தப் பொம்பளையச் சொன்னது. வா வா, இனிமேதான் டேக்கே."

எனக்கு வீம்பு வந்துவிட்டது. நானா, அன்றைக்கு அதைச் சொன்னவனா, பார்த்துவிடலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மேனேஜர் நடிகர் வந்து உட்கார்ந்திருந்தார். தெருவை நிறுத்தினார்கள். வரிசையாக ஐந்து டேக். ஒவ்வொன்றின் முடிவிலும் தலைகீழ் கிளாப். ஐந்தாவதில் மேனேஜர் அந்தப் புது வரியைச் சொன்னதும், நான் கண்ணைத் தாழ்த்தி லேசாகச் சிரித்து, "கண்ணைத் திறந்தும் பாருங்கய்யா, பதினோரு வருஷம் இஸ்திரி போட்ட கை இது" என்று உள்ளங்கையை நீட்டினேன். அது வசனத்தில் இல்லை. நானாகச் சேர்த்தது. கை நடுங்கவே இல்லை. லைட்காரர்கள் உள்பட எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவர், "அருமைம்மா" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அஞ்சாவதுதான் உன் டேக்," என்றார் இவர். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். மடச்சி.

இரண்டு மாதம் கழித்து டப்பிங்குக்குக் கூப்பிட்டார்கள். அந்த டப்பிங் தியேட்டர் என் பிறந்த வீடு மாதிரி. அங்குள்ள இன்ஜினியர், தலை நரைக்க ஆரம்பித்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஸ்டார் ஆயிட்டீங்கக்கா! எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"உங்களை யாரு தம்பி? எங்கயோ பாத்த மாதிரி இருக்கே," என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

"ரெண்டு வரிதான். மேல தண்ணி லாரி ஹாரன் விழுந்திருக்கு. அதை மட்டும் பேசிக் குடுத்துடுங்க."

"லாரி எப்படி வந்துச்சு? தெருவைத்தான் நிறுத்திட்டாங்களே?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படத்தைப் போட்டார். திரையில் நான் வந்தேன். இரண்டு வரி பேசினேன். மோதிரத்தைச் சுற்றினேன்.

"தம்பி, இது ரிகர்சல். டேக்கைப் போடுங்க."

"இது ஒண்ணுதான்க்கா வந்திருக்கு."

திரையில் நான் அழுதுகொண்டு வெளியே ஓடினேன். திறந்த கதவு மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்றது. பிறகு பக்கவாட்டிலிருந்து ஒரு கை பலகையைத் தலைகீழாக நீட்டித் தட்டியது. டேக் ஒன்று. நான் கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தபோது அடித்த கிளாப் அது.

"மத்த அஞ்சு டேக்?"

"மத்தது எதுவும் இல்லக்கா. சவுண்டும் இது ஒண்ணுதான்."

நான் கை நீட்டிய டேக் இல்லை. ஒத்திகையில் ஓடிய கேமரா, அந்த ஐந்து தடவையும் ஓடவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்த கேமராமேன், பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு ஓடாத கேமராவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அவர்தான் என்னைவிட நல்ல நடிகர்.

"சவுண்டை ஆரம்பத்துலேருந்து போடுங்க. நான் எங்க எடுக்கணும்னு பாக்கணும்," என்றேன். குரல் என்னவோ நிதானமாகத்தான் இருந்தது. இன்ஜினியர், 'மேஜை மைக்' என்று எழுதியிருந்த ஒலிப்பதிவைப் போட்டார். மேஜையிலும் ஒரு மைக்கை ஒளித்துவைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். இவருக்கு ஒரு தொழில் பெருமை உண்டு. ஆள் வருவதற்கு முன்னாலேயே ரெக்கார்டரை ஓட்டிவிடுவார், முதல் மூச்சுகூட விட்டுப்போகக் கூடாது. அன்றும் ஓட்டியிருக்கிறார்.

"எந்த வார்த்தை? இன்னொரு தடவை சொல்லுய்யா." பெரியவரின் குரல்.

"'கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நல்லாருக்கு.' அது போதும் சார். அவ ஒடஞ்சிடுவா."

இன்ஜினியர் சட்டென்று நிறுத்தினார். அவருக்கும் அந்தக் குரல் தெரியும். என்னைப் பார்க்காமல் ஏதோ பட்டனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குப் பெரியவர் வந்தார், பின்னாலேயே இவரும். "என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார் பெரியவர். நான் இன்ஜினியரிடம், "தம்பி, அதை இன்னொரு தடவை போடுங்க, இவங்களும் கேக்கட்டும்," என்றேன். போட்டார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் மட்டும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், நல்ல பாட்டைக் கேட்பதுபோல.

"சொல்லியிருந்தா நடிச்சுக் குடுத்திருப்பேனே சார்," என்றேன்.

"நடிச்சிருப்பீங்க. எனக்கு நடிப்பு வேண்டாம்."

நான் உள்ளே போய் மைக் முன்னால் நின்றேன். திரையில் அவள் உடைந்துகொண்டிருந்தாள். அவள் வாயைப் பார்த்து அந்த இரண்டு வரியைப் பேசினேன். அதே விக்கல், அதே கிழிசல், அதே 'ஐயா'. ஒரே தடவை. கண்ணில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு பட்டனை அழுத்தி, "எது எதுன்னு எனக்கே தெரியலைக்கா," என்றார்.

"சார்கிட்ட கேளுங்க. அவருக்குத்தான் நிஜம் எதுன்னு தெரியும்," என்றேன்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓகே" என்றார். எழுந்து போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அவரை விடுங்கள், அவர் யாரோ. கூட இருந்தே குழி பறித்தவர் என்னோடு ஒரே வண்டியில்தானே வீட்டுக்கு வர வேண்டும்?

சமையலறையில் நான் பாத்திரத்தைக் கழுவினேன். இவர் வாசற்படியில் நின்றார்.

"நீ பேசிக் காட்டினதுக்கப்புறம் உன்னை மாத்திடலாம்னு இருந்தார் சார். 'ரொம்ப நடிக்கறாங்க, நிஜமா எது ஒடைக்கும் இவங்களை'ன்னு கேட்டார். நான் சொல்லலைன்னா உனக்கு அந்த சீனே இல்லை. உனக்காகத்தான்..."

"அந்த அஞ்சு டேக்?"

அவர் தரையைப் பார்த்தார். "நீ அழுதுட்டே வீட்டுக்கு வரக் கூடாதுன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன். சும்மா ஒரு அஞ்சு தடவை எடுக்கற மாதிரி..."

இதுதான் என்னைக் கொன்றது. காட்டிக்கொடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்துத் தொலைத்திருப்பேன். அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல நாற்பது பேர் எனக்கு முன்னால் கைதட்டியிருக்கிறார்கள், இவர் ஏற்பாட்டில்.

"வேலியே பயிரை மேஞ்சிட்டு, அதெல்லாம் பயிரோட நல்லதுக்குத்தான்னு வேற சொல்லுதா?" என்று கத்தினேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க!"

"கேட்டா வேண்டாம்னிருப்பே."

"ஆமா, வேண்டாம்னிருப்பேன்! அது என்னோடது. உங்ககிட்ட குடுத்து வெச்சிருந்தேன்."

படம் வந்தது. ஓடு ஓடென்று ஓடியது. 'இவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்' என்று எழுதினார்கள். காய்கறிக் கடையில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க அப்படி நடிச்சீங்க?" என்று கேட்டாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நாலு பேர் இல்லை, நாடே என் முகத்தைப் பார்த்துவிட்டது. நான் நடித்ததை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

போன வாரம் காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். இவர் பின்னால் வந்து நின்று, "இன்னும் கோபமா இருக்கியா?" என்றார். பத்தடி தூரத்தில் மூச்சு மாறினாலே பிடித்துவிடும் காது அவருக்கு.

கண்ணைத் தாழ்த்தி லேசாகச் சிரித்தேன், அந்த ஐந்தாவது டேக்கில் சிரித்தேனே, அதே சிரிப்பு. "இல்லைங்க. அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு," என்று டம்ளரை நீட்டினேன். கை நடுங்கவே இல்லை.

"அப்பாடா!" என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார். அவருக்குத் தெரியவில்லை.