அன்பு அக்காவுக்கு ஒரு பதில்

மெத்தைக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் சார், மேடம் எல்லாம் கிடையாது. அக்கா, அண்ணன்தான். வாங்கிய மெத்தை பள்ளமாகிவிட்டது என்று கண்டபடி திட்டுகிறவருக்கும் "மன்னிச்சிடுங்க அண்ணா" என்றுதான் அவள் பதில் தட்ட வேண்டும். கம்பெனிக்காக அந்தப் பக்கத்தை நடத்துவது அவள் வேலை பார்க்கும் விளம்பர ஆபீஸ்; அதன் மேனேஜர் போட்ட சட்டம் அது. "உறவு சொல்லிக் கூப்பிட்டா நம்ம ஆளுங்க உருகிடுவாங்க" என்பார். அவளை மட்டும் 'பதில் செக்‌ஷன்' என்றுதான் கூப்பிடுவார்.

காலையில் ஒரு படம் போட்டிருந்தார்கள். தொழிலாளிகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். மேலே 'நாங்கள் ஒரே குடும்பம்'. அவள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அதன் கீழே கட்டுப் போட்ட கை ஒன்றின் படம் வந்திருந்தது.

"என் வீட்டுக்காரர் கை உங்க மெஷின்ல மாட்டிடுச்சு. தடுப்புத் தகட்டைக் கழட்டி வச்சது நீங்க. ஆஸ்பத்திரி செலவு கேட்டு வந்தா கேட்டுக்குள்ளயே விட மாட்டேங்கறீங்க. குடும்பம்னா இதுதானா?"

அந்தக் கை அவளுடைய அண்ணனுடையது. எழுதியிருப்பது அண்ணி. அவள் ஏதோ ஆபீசில் டைப் அடிக்கிறாள் என்பதற்குமேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் அவளிடம் வந்ததே சமீபத்தில்தான். விபத்துக்குப் பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆளாளுக்கு அதைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இப்படியே விட்டால் கம்பெனி பதில் சொல்லியே தீர வேண்டும். மேனேஜருக்கும் அது தெரிந்திருந்தது.

"நாம அழிச்சா வம்பு. அவங்களே அழிக்கணும். எழுது... அன்பு அக்கா, உங்க கண்ணீர் எங்க கண்ணீர். ஆனா நம்ம வீட்டு விஷயத்தை நாலு பேர் பார்க்கப் பேசினா நமக்குத்தானே அசிங்கம்? இன்பாக்சுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"நிஜமா பேசுவாங்களா சார்?"

"அது கம்பெனி பாடு. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வீடு இப்போது அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. விரல் தன்னால் 'அன்பு அண்ணி' என்று அடித்தது. அதை அழித்துவிட்டு 'அக்கா' என்று போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் உருக்கமா வேணும்" என்றார் மேனேஜர். 'அண்ணனோட மரியாதைதான் எங்களுக்கும் முக்கியம்' என்று அவளே சேர்த்தாள். அண்ணி எங்கே மடங்குவாள் என்று அவளுக்குத் தெரியாதா? தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி ஓடிவந்தாள்.

"கம்பெனிக்காரங்க என்னை அக்கான்னு கூப்பிட்டுப் பதில் போட்டாங்கம்மா! உங்கண்ணன் மரியாதையைப் பத்திக்கூட எழுதியிருந்தாங்க. எனக்கே வெட்கமாப் போச்சு. போட்டதை அழிச்சுட்டேன்."

"இன்பாக்ஸ்ல கேட்டீங்களா அண்ணி?"

"கேட்ட உடனே பதில் வந்துச்சே! 'உங்கள் செய்தி கிடைத்தது, உறவே'ன்னு."

அது ஆளில்லாமல் தானாகவே போகிற பதில். அதையும் எழுதி வைத்தவள் அவள்தான்.

கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் போனை வாங்கினான். "நல்ல மனுசங்கதான், நாமதான் அவசரப்பட்டுட்டோம்" என்றான். 'நாங்கள் ஒரே குடும்பம்' படத்தைத் தேடி எடுத்து, பழக்கமில்லாத இடது கையால் தடவித் தடவி, அதற்கு ஒரு இதயம் போட்டான்.