தொப்புளுக்கு மேலே ஒரு நூல்

என் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறைதான் அவள் கடை. எங்கே நூல் தொங்கினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால்கூடக் கைப்பையிலிருந்து குட்டிக் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்தும் எனக்குத்தானா வயிற்றில் நூல் முளைக்க வேண்டும்?

தொப்புளுக்கு மேலே குடலிறக்கம் என்று அறுத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. ஒரு நாள் குளிக்கப் போகும்போது குனிந்து பார்த்தால், தழும்பின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல் எட்டிப் பார்க்கிறது. அடித்துப் பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினோம். உள்ளே போட்ட நூல் கரையாமல் மேலே வந்திருக்கிறது, சிலருக்கு இப்படி வருவதுண்டு என்றார். ஆனால் உள்ளே இன்னும் ஆறவில்லையாம். யாராவது இழுத்தால் புண் பிளந்துகொள்ளும், மறுபடி ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியதுதான், அடுத்த வாரம் வாருங்கள் நானே நறுக்கிவிடுகிறேன் என்று சொல்லி மேலே ஒரு பஞ்சுத்துணியை ஒட்டினார்.

அந்த மேஜையை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கும். முதல் தடவை ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தவன் நான். மயக்க மருந்து மிச்சம் என்று சிரித்தார்களாம்.

அதனால் டாக்டரம்மாவிடம் அவளைப் போட்டுக்கொடுத்தேன்.

"இவ தையல்காரி டாக்டர். நூலக் கண்டா கை சும்மா இருக்காது. நீங்களே ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

டாக்டரம்மாவும் அவளைக் கண்டித்தே சொன்னார்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். கத்தரிக்கோல்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, அவள் கேட்கும்போது எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கிப் பூட்டினேன். தூங்கும்போது வயிற்றின்மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டேன். அவளோ என் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புண்ணில் உரசக் கூடாதென்று எனக்கு ஒரு தொளதொள சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். துணியும் கத்தரிப்பூ நிறம்.

எனக்கு சோப்புத் தொழிற்சாலையில் வேலை. மூளியான சோப்பைப் பொறுக்கி எடுப்பேன். குறை கண்டுபிடித்தால்தான் சம்பளம். லீவு போட்டால் மட்டும் புத்தி மாறுமா? பிளாஸ்திரி அரிக்கிறதென்று பஞ்சுத்துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். காலரில் குறையில்லை. தோளில் குறையில்லை. நடுப் பொத்தானைப் போடப் போகும்போது பார்த்தால், அந்த இடைவெளியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் கையும் களவுமாக மாட்டினாள்.

"பெரிய தையல்காரி! இங்க வந்து பாரு, எப்படித் தொங்குதுன்னு," என்று கூப்பிட்டபடியே நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நடந்ததெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தரையில் கிடந்தேன்.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு நேராக அவளைத்தான் முறைத்தார். அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையா என்றார். நான் மேஜையில் மல்லாந்து படுத்து, மேலே இருந்த மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே விசிறி.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் தொடல டாக்டர். என் சட்டையில நூல் தொங்குதுன்னு இவரே இழுத்துக்கிட்டாரு." என் பக்கம் திரும்பினாள். "கல்யாணமானதிலேருந்து நான் தைச்ச சட்டையத்தானே போடுறீங்க. என்னைக்காவது ஒரு நூல் தொங்கியிருக்கா?"

தொங்கியதே இல்லை. அதை ஒரு நொடி நினைத்திருந்தால், அது யார் தைத்த நூல் என்று தெரிந்திருக்கும். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஓரம் கொஞ்சம்தான் பிளந்திருக்கிறது, ரெண்டு தையல் போதும் என்றார் டாக்டரம்மா. ஊசியை எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைத் தேடினேன். உடனே கொடுத்தாள். தையல் முடியும்வரை விடவில்லை.

முடிச்சுப் போட்டாயிற்று. நூலை நறுக்க டாக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்தார்.

"அவகிட்ட குடுங்க டாக்டர். அவளே நறுக்கட்டும்," என்றேன்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்தார். ஒட்ட நறுக்கிவிடக் கூடாது, பிரிக்கும்போது பிடிக்க வேண்டும், நுனி நீட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டு அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக நுனி விட்டு நறுக்கினாள்.