ஆளுக்கு ஒரு விரல்கடை தாராளம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாராவது கேட்டால் உள்ளுணர்வு, ஆழ்மனம் என்று அளக்க வேண்டிவரும். ஒரு துடைப்பக் குச்சியிலிருந்து வந்தது.

இன்று மதியம் ஒடுகத்தூரில் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். என் நண்பன் ரஞ்சித் மடியில் ஒரு ஷூ பெட்டி. சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துடைப்பக் குச்சி.

"இன்னாடா இது?" என்றேன்.

"பிரியதர்ஷினியோட காலு" என்றான்.

ஒருவன் இப்படிப் பதில் சொன்ன பிறகும் கதை எழுதாமல் இருக்க நான் என்ன துறவியா?

2

முதல் தொடக்கம்: ஜவ்வாது மலை முகட்டில் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த அந்த இனிய

(தவழவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: மலையேறுபவனின் உற்ற நண்பன் அவனுடைய ஷூவே ஆகும்.

(எங்கள் கல்லூரி முதல்வரின் வரவேற்புரை வாசனை வருகிறது. 'ஆகும்' என்று முடிகிற எந்த வாக்கியத்தையும் நான் நம்புவதில்லை.)

மூன்றாவது தொடக்கம்: பிரியதர்ஷினிக்கு ஒரு கனவு இருந்தது.

இதை எழுதும்போது பிரியதர்ஷினி எதிரில்தான் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். இது அவள் வீடு. எங்கள் வகுப்பில் படிக்கிறவள். விடுமுறைக்கு மலைக்கு வந்திருக்கிறாள். எட்டிப் பார்த்தாள்.

"கனவா? எனக்கு வர்ற கனவுல எல்லாம் அரியர் பேப்பர்தான் வருது. ஆசைன்னு போடு."

ஆசை என்று போட்டுக்கொள்ளுங்கள்.

3

ஆசை இதுதான்: முன்னால் நடக்க வேண்டும்.

வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மலையேற்றக் குழு வருகிறது. ஊர்க்காரர்கள், விடுமுறையில் பிரியதர்ஷினியும், அவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள். முன்னால் ஒரு தலைவர், கையில் போன், போனில் வரைபடம். சிக்னல் போன இடத்தில் தலைவர் நிற்பார். அப்போது கடைசியில் வருகிற பைக்காரர் வழி சொல்ல, அது வரிசையில் வாய் மாறி வாய் மாறி முன்னால் போகும். "சோத்தாங்கை பக்கம்" என்று கிளம்பியது தலைவர் காதில் விழும்போது "சோறு எப்ப?" என்று ஆகியிருக்கும்.*

* இது நான் சேர்த்தது. பிரியதர்ஷினி, "அவ்ளோ மோசம் இல்ல, பாவம்டா அவரு" என்கிறாள். கதைக்கு வேண்டியிருக்கிறது, இருக்கட்டும்.

குழுவை நடத்துகிற பாலமுருகனிடம் பிரியதர்ஷினி நேரடியாகக் கேட்டாள்: "நான் முன்னாடி நடக்கட்டுங்களா?" அவர் யோசித்தார். நல்ல மனிதர். ஒரு ஞாயிறு சோதனையாக நடத்திப் பார்க்கலாம், சரிப்பட்டால் எல்லா ஞாயிறும் அவளே தலைவர் என்றார். நிபந்தனை ஒன்றுதான்: கணுக்காலை மூடுகிற மலையேற்ற ஷூ. "அது இல்லாம முன்னாடி நிக்க முடியாதும்மா. ரூல்ஸு."

அந்த ஞாயிறு நாளைக்கு.

4

(இடையில் ஒரு சிறு கட்டுரை. அவசரக்காரர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாவலாம். தாவினால் நான் பார்ப்பேன்.)

மலையேற்ற ஷூ வாங்குகிறவர் சாயங்காலம் கடைக்குப் போக வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கி, மலையில் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். போடப்போகிற தடித்த காலுறையையே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்னால் விரல்கள் அசைய இடம் வேண்டும். குதிகால் மட்டும் தூக்கக் கூடாது. கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் கீழ்நோக்கி நடந்து பார்க்க வேண்டும். ஏற்றத்தில் எந்த ஷூவும் யோக்கியன்தான், இறக்கத்தில்தான் அதன் குணம் தெரியும். பார்க்க அழகாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் யோசிக்கலாம். நாம் அதைத்தான் முதலில் யோசிப்போம்.

அருமையான விதிகள். எல்லாம் ஒரே ஒரு விஷயத்தை நம்பி இருக்கின்றன: கால் கடைக்கு வர வேண்டும்.

இங்கே கால் மலைமேல் சாமை அறுத்துக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அப்படிப்பட்ட நாட்களில் இந்த வீட்டில் ஒரு முறை உண்டு. துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, உள்ளங்காலில் வைத்து, கட்டைவிரல் நுனியில் ஒடித்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கீழே இருக்கிறவர் குச்சிக்குச் செருப்பு வாங்கி ஏற்றிவிடுவார். பிரியதர்ஷினியின் எல்லாச் செருப்பும் குச்சி வழியாக வந்தவைதான். அதனால் தன் கால் என்ன நம்பர் என்று அவளுக்கே தெரியாது. இந்தமுறை கண்டக்டர் குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தது ரஞ்சித்திடம்.

5

(ரஞ்சித் இந்தக் கதைக்குத் தேவையா என்று ஒரு சந்தேகம். அவனை எடுத்துவிட்டு நானே ஷூ வாங்கியதாக எழுதினால் ஒரு பாத்திரம் மிச்சம். அவனிடமே கேட்டேன். "டேய், கடைக்குப் போனது நான்டா. நீ பஸ்ல தூங்கினு வந்த. அதையும் எழுது" என்றான். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

பெட்டியைத் திறந்தோம். காலை நுழைத்தாள் பிரியதர்ஷினி. கால் உள்ளே போய், இன்னும் போய், எங்கோ ஓரிடத்தில் நின்றது. எழுந்து இரண்டடி வைத்தாள். கால் முதலில் கிளம்பியது, ஷூ யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது.

அவள் அம்மா பாஞ்சாலை அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். "நல்லாத்தான கீது?"

"ம்மா, இதுல உன் காலும் சேத்து வெக்கலாம்மா."

"கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமேன்னு ஒரு விரல்கடை வுட்டுத்தான் குச்சிய ஒடிச்சேன். வளர்ற புள்ளயாச்சே."

"எனக்கு இருபது வயசு!"

"ஏன், அதோட காலு நின்னுடுமா?"

பிரியதர்ஷினி குச்சியை வாங்கி ஷூவுக்குள் விட்டாள். குச்சிக்கும் அப்புறம் இடம் இருந்தது. மெதுவாக ரஞ்சித் பக்கம் திரும்பினாள்.

ரஞ்சித் கூரையைப் பார்த்தான். "தடி சாக்ஸ் போடணும்ல. அதான் குச்சிய விட ஒரு நம்பர் பெருசா கேட்டேன். நெட்ல போட்ருந்தான்."

"அதுக்கும் மேல எடம் கீதுடா!"

வாசலில் இருக்கிற பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். ஏறி நின்று கடைக்காரர் அசோக்குமாருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் அவர் குரல் பெருமையோடு வந்தது. "மலைக்குன்னு சொன்னாருங்க தம்பி. எறக்கத்துல வெரலு இடிக்கும் பாருங்க, அதனால நானே அவருகிட்ட சொல்லாம ஒரு நம்பர் ஏத்திக் குடுத்தேன். எப்பிடி, சௌகரியமா கீதுங்களா?"

பிரியதர்ஷினி போனைப் பார்த்தாள். "ரொம்ப சௌகரியங்கண்ணா" என்றாள்.

(கண்டக்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டினார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எடுத்துவிட்டேன். அந்த மனிதர் ஒருவர்தான் வாங்கினதை வாங்கினபடி கொண்டுபோய்ச் சேர்த்தவர்.)

யாருமே கஞ்சத்தனம் செய்யவில்லை, அதுதான் சிக்கல். இன்றைக்கு இனி கீழே போக பஸ் கிடையாது. நாளை விடிந்ததும் பாலமுருகன் வந்து நின்று, முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார்.

6

நான் உதவ முன்வந்தேன். எழுத்தாளனால் முடிந்த உதவி முடிவுகள்தான்.

முடிவு அ: பிரியதர்ஷினி ஷூவின் முனையில் துணியை அடைத்துக்கொண்டு நடக்கிறாள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, மாலைச் சூரியன்

"ஏன் நான் பல்ல கடிக்கணும்? நகம் பேந்துடும். அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமை யாரு நடப்பா, நீயா? அடுத்து."

முடிவு ஆ: குழுவில் ஒரு வேலூர்ப் பையன். காலைநேரத்தில், வெறுங்காலில் அளவு பார்த்து வாங்கிய ஷூ அவனுக்கு இறுக்கமாக இருக்கிறது. பாதி வழியில் இருவரும் ஷூவை மாற்றிக்கொள்கிறார்கள். அவளுக்கு அது கச்சிதமாக

"ஷூ மாத்திக்கினா அடுத்த பக்கத்துல மாலை மாத்த வெப்ப நீ. எனக்குத் தெரியாதா உன்ன? அடுத்து."

(உண்மையில் அடுத்த பக்கத்தில் அதுதான் இருந்தது.)

முடிவு இ: அவள் ரப்பர் செருப்போடு போய் முன்னால் நிற்கிறாள். பாலமுருகன் மறுக்கிறார். அவள் ஒன்றும் பேசாமல் மலையில் ஏறுகிறாள், மான் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்த அவர் மனம் மாறி

இதைக் கொஞ்சம் மெல்லிய குரலில் வாசித்தேன், கண்ணில் நீர் வரும் என்று. மொச்சைத் தோல்தான் வந்தது, என் தலைமேல்.

"மனசு மாறுறது அவருன்னா அது அவரு கதை. எனக்கு அதுல இன்னா வேல? மான் வேலையா?"

பாஞ்சாலை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "கத எழுதறேன்னு உக்காந்துகினு மொச்சய ஒரு கை கூட உரிக்கல இந்தப் புள்ள."

7

வெளிச்சம் போவதற்குள் அவளே எழுந்தாள். இரண்டு ஜோடி காலுறை, ஒன்றின்மேல் ஒன்று. கணுக்கால் அருகே கயிற்றை இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறினாள். குதிகால் அவ்வளவாகத் தூக்கவில்லை. சமதரையிலும் பிழைத்துக்கொண்டாள். பிறகு செங்குத்தான பக்கமாக இறங்கினாள். நாலாவது அடியில் கால் உள்ளே வழுக்கி முன்னால் போய் முட்டியது. உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். ரஞ்சித் ஓடினான். நான் பேனாவோடு ஓடினேன்.

மறுபடி ஏறினாள். இந்தமுறை நேராக இறங்காமல், மேட்டைச் சுற்றிக்கொண்டு, மாடு இறங்குகிற மாதிரி சாய்வாக வந்தாள். முட்டவில்லை.

"ஓடைத் தடத்துல எறங்கினாத்தான் பிரச்சனை" என்றாள். "மாட்டுத் தடத்துல எறங்கலாம்."

மலை உச்சியிலிருந்து இறங்குகிற வழி ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஓடைத் தடம், நெட்டுக்குத்தாக, குறுக்கே ஒரு சின்ன அருவியோடு. குழுவின் விளம்பரப் படம் அந்த அருவிதான். இடப்பக்கம் மாட்டுத் தடம், வளைந்து வளைந்து, நேரம் அதிகமாகும், வழியெல்லாம் புளியமரமும் சாமைக் கொல்லையும்தான். யாரும் அங்கே செல்ஃபி எடுத்ததில்லை.

"அருவி கேப்பாங்களே" என்றான் ரஞ்சித். "இன்னா சொல்லுவ?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது என் துறை. தேனீக் கூடு கலைந்திருக்கிறது என்றேன். கரடி என்றேன். அருவியில் தண்ணீர் இல்லை என்றேன். அது உண்மையாகவே இருக்கலாம் என்றும் சேர்த்தேன்.

பிரியதர்ஷினி ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினாள்.

"போன வாரம் அந்தத் தலைவரு தப்பான பக்கம் திரும்பினாரு. ஒரு மைல் சுத்துனோம். யாராவது ஏன்னு கேட்டிருப்பாங்கன்னு நெனைக்கிறியா?"

"இல்ல."

"ஒருத்தர் கூட?"

"இல்ல."

"நான் சரியான பக்கம் திரும்பினா கேப்பாங்களா?"

நான் தேனீயையும் கரடியையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

8

இதற்குமேல் என்னிடம் கதை இல்லை. கோபப்படாதீர்கள், இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு நடக்கப்போவதை இப்போதே எழுதினால் அவள் காலுக்கு நானும் ஒரு நம்பர் கூட்டியவன் ஆவேன்.

ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. உங்கள் பேரைக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லைதான். ஷூவையாவது நீங்களே கடைக்குப் போய், சாயங்காலமாகப் போட்டுப் பார்த்து வாங்குங்கள் என்று நாலாம் பகுதியிலேயே சொன்னேன். தாவியவர்கள் பாடு திண்டாட்டம்.

ஆகவே, நாளை. ஏறியாயிற்று, உச்சியில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டாயிற்று, இறங்கத் தொடங்கியாயிற்று. பிரியதர்ஷினி முன்னால் போகிறாள். அவளுக்கு அடுத்து நீங்கள். உங்களுக்குப் பின்னால் மொத்த வரிசையும், எல்லார் கையிலும் அருவிக்காகத் துடைத்து வைத்த போன். பாதை பிரிகிற இடம் வருகிறது. அவள் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, இடப்பக்கம் திரும்பி நடந்துகொண்டே இருக்கிறாள்.

பின்னாலிருந்து பாலமுருகன் வாயைத் திறக்கிறார். அவருக்கு அவள் தெரியவில்லை. உங்கள் முதுகுதான் தெரிகிறது. நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்களோ அதை வைத்துத்தான் அவர் அந்த வாயால் பேசுவதா மூடுவதா என்று