ஒரே வீட்டுப் பதில்கள்

"அக்கா, எங்க ஊட்ல மூணு பேரையும் ஏன் கேக்கறீங்கோ? அம்மா இன்னா சொல்லுதோ, அதத்தான நாங்களும் சொல்வோம்?"

கோவில்பதாகையில் ஒரு சிறுமி இப்படிக் கேட்டபோது ரெனிதாவும் நிவேதிதாவும் சிரித்துவிட்டார்கள். இருவரும் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி மாணவிகள். ஒரே வீடுகளில், ஒரே ஆட்களிடம், இருவரின் ஆய்வுக் கேள்விகளையும் கேட்டார்கள்; பிறகு தெருக்களைப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ரெனிதாவுக்கு டெங்கு வந்தது. அவள் பங்குத் தெருக்களையும் நிவேதிதாவே வெயிலில் நடந்து முடித்தாள். பிறகு அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை.

நிவேதிதாவின் கட்டுரை பெங்களூர் கருத்தரங்குக்குத் தேர்வானது. ரெனிதாவுடையது திரும்பி வந்தது. தோழி ஆசையாய்த் தந்த பால்கோவாவை ரெனிதா பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரு நாய்க்குப் போட்டாள்.

சனிக்கிழமை வழிகாட்டி ஜெயகுமாரி மேடம் நிவேதிதாவைக் கூப்பிட்டார்.

"ஒரு வீட்டு ஆளுங்க பதில் ஒண்ணையொண்ணு ஒட்டித்தாம்மா இருக்கும். நீ ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எண்ணியிருக்க. அதான் முடிவு இவ்ளோ உறுதியாத் தெரியுது. வீடுவாரியாச் சேர்த்து மறுபடி கணக்குப் போடு. இல்லன்னா கட்டுரைய வாபஸ் வாங்கிடு."

யார் எந்த வீடு என்று நிவேதிதா கணினியில் ஏற்றவில்லை. படிவங்களோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

"ரெனி, நீ வீட்டு நம்பர் ஏத்தினியாடி?"

"இல்லியே, நிவே." பொய் தேன் மாதிரி வந்தது.

"சரி விடு. திங்கக்கிழமை மறுபடி தெருத்தெருவா கிளம்ப வேண்டியதுதான். அந்த வாயாடிப் பொண்ணு என்னைப் பாத்து இன்னும் சிரிக்கும்!"

ஞாயிறு காலை, கோவில் ஆராதனையில், பிறர் குற்றங்களை மன்னிக்கும் ஜெபம் வந்தது. நிவேதிதாவிடம் மன்னிக்க என்ன இருக்கிறது என்று ரெனிதா தேடிப் பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை. தான் போர்த்திப் படுத்திருந்த நாட்களில் வெளியே அடித்த வெயில்தான் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் துறை அறையில் யாரும் இல்லை. இருவரும் பயன்படுத்தும் கணினியில் நிவேதிதாவின் கோப்பைத் திறந்து, வரிசை எண்ணை ஒத்துப் பார்த்து, தன்னிடமிருந்த வீட்டு எண்களை அதில் சேர்த்தாள். மனம் கேட்காமல் கணக்கையும் ஓட்டிப் பார்த்தாள். உறுதி சற்றுக் குறைந்தது. ஆனால் முடிவு நின்றது. ஒரு கணம் அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதைக் கர்த்தர் பார்த்திருப்பார், பொறுத்தும் இருப்பார்.

தானே எப்போதோ ஏற்றிவிட்டு மறந்ததாக நிவேதிதா நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்ளட்டும்.

தான் ஓட்டிப் பார்த்த கணக்கை அழித்துவிட்டு, எண்களை மட்டும் சேமித்து, மின்விசிறியை நிறுத்தினாள். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.