ஆராய்ச்சி மணி

"இதுதான் அந்த ராஜாவோட ரிசர்ச் பெல்" என்று கணவர் கஸ்தூரிரங்கன் மைக்கில் சொன்னதும் ருக்மிணிக்குக் காதுமடல் கொதித்தது. சான் ரமோன் பள்ளி அரங்கில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. முன்வரிசையில் அவருடைய ஆபீஸ் வெள்ளைக்காரர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். அந்தக் காலத்திலேயே இந்தியாவில் ரிசர்ச் பண்ணியிருக்கிறார்கள், பேஷ்.

ரிசர்ச்சாவது மண்ணாங்கட்டியாவது. குறை உள்ளவன் அரண்மனை வாசலில் கயிற்றை இழுக்க வேண்டும், ராஜா இறங்கி வந்து விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்குத்தான் அப்போது ஆராய்ச்சி என்று பெயர். இதுகூடத் தெரியாத மனுஷன், வேட்டங்குறிச்சி மணிக்கூண்டின் சரித்திரத்தை எழுதியவர் என்று விழா மலரில் போட்டோவோடு சிரிக்கிறார்.

எழுதியது ருக்மிணி. கல்யாணத்துக்கு முன் மதுரையில் எம்.ஃபில். படித்தபோது, அந்த இடிந்த அரண்மனை வாசலில் மண்டை வெடிக்கிற வெயிலில் நின்று கல்வெட்டைப் படியெடுத்தவள். அமெரிக்காவுக்கு வந்ததும் டிபெண்டன்ட் விசா, வேலைக்குப் போகக்கூடாது. எந்த விருந்துக்குப் போனாலும் "மிஸஸ் ரங்கன்". இந்த ஒரு கட்டுரையிலாவது தன் பேர் வரட்டும் என்று ராப்பகலாக எழுதி, கணவரிடம் டைப் பண்ணக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து அவருக்குத்தான் வரும். அது அவளுடைய போதாத காலம்.

மலரை இன்றைக்கு விழாவுக்கு வரும் வழியில், காரில்தான் பிரித்துப் பார்த்தாள்.

"ஏன்னா, என் பேர் எங்கே?"

"செக்ரட்டரி செல்வராஜ் அவசரமா கேட்டார், என் பேரைக் குடுத்துட்டேன். நீ வேற நான் வேறயா? இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

"கடைசிப் பக்கத்தையும் காணோமே."

"அது ரொம்ப நெகட்டிவ். பொங்கலும் அதுவுமா எதுக்குன்னு கட் பண்ணிட்டேன்" என்று ஃப்ரீவேயைப் பார்த்தபடியே சொன்னார்.

அந்தப் பக்கம்தான் அவள் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்தது. தாத்தா ராஜா மணிக்கூண்டைக் கட்டினார். பேரன் ராஜாவான காலத்தில் அவன் மச்சான்களே ஜனங்களின் நிலத்தைப் பிடுங்கினார்கள், மணி ஓயாமல் அடித்தது. பேரனுக்குத் தூக்கம் கெட்டது. மணியின் நாக்கைக் கழற்றச் சொல்லிவிட்டான். கூண்டு அப்படியே நின்றது, கயிறும் தொங்கியது. ஜனங்கள் வந்து வந்து இழுத்தார்கள். சத்தமே இல்லை. குறையே இல்லாத நாடு என்று புலவர்கள் பாடிவிட்டுப் போனார்கள். அந்தப் பாட்டு கல்லில் இருந்தது, பக்கத்திலேயே நாக்கில்லாத மணியும் கிடந்தது. ருக்மிணி அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

இப்போது அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. மேடையில் நிற்கிற தெர்மாகோல் மணிக்கூண்டு கூட அவள் செய்ததுதான். அதற்குள் தொங்கும் பித்தளை மணி அவளுடைய பூஜை அறை மணி.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் கஸ்தூரிரங்கன். யாரும் கேட்கவில்லை. "அப்போ எல்லாருக்கும் திருப்தி."

ருக்மிணி எழுந்தாள்.

"வேர் ஆர் யூ கோயிங், அம்மா?" என்றாள் பக்கத்தில் இருந்த மகள் மானஸா.

"மணி அடிக்கப் போறேன்."

படியேறிப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி இழுத்தாள். கூண்டுதான் ஆடியது.

செல்வராஜ் ஓரத்திலிருந்து ஓடி வந்தார். "மேடம், குழந்தைங்க டான்ஸ் ஆடும்போது டிஸ்டர்ப் பண்ணுதுன்னு நான்தான் அதோட நாக்குல கர்ச்சீப்பைச் சுத்திக் கட்டினேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். கஸ்தூரிரங்கன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "என்ன பண்றே நீ? போய் உக்காரு. எதுவா இருந்தாலும் ஆத்துல பேசிக்கலாம்."

"ஆத்துல எத்தனை தடவை இழுத்தாச்சு" என்றாள் ருக்மிணி.

கூண்டுக்குள் கையை விட்டு மணியைப் பிடுங்கினாள். தெர்மாகோல் உடைந்து அவர் கோட்டெல்லாம் வெள்ளையாய் ஒட்டியது. மணியைக் கவிழ்த்துப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது, நகத்துக்கு மசியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அதை வாயருகே கொண்டுபோய், பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தாள்.